குளித்தால் போய்விடுமா படர்தாமரை?

"ஒழுங்காக் குளிச்சா இந்த அரிப்பு ஏன் வரப்போகுது?" கொல்லிமலையில் படர்தாமரை பற்றிப் பேச்செடுத்தால் காரவள்ளி அடிவாரத்திலிருந்து நாமக்கல் வரை கேட்கும் பதில் இது. விடுதி வார்டன் சொல்கிறார், மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், சுகாதார விழிப்புணர்வுக் கூட்டத்தில் மைக் பிடிப்பவர் சொல்கிறார். மலையில் பிறந்து படித்து வேலைக்குப் போன பிள்ளைகளே அப்பா அம்மாவைப் பார்த்துச் சொல்கிறார்கள். இந்தக் கருத்து தவறு என்பதோடு, தீங்கும் செய்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். கொல்லிமலைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருப்பதால் ஐப்பசி தொடங்கித் தை வரை பனிமூட்டம். அந்தக் குளிரில் தினமும் தலைக்கு ஊற்றிக்கொள்ள யாருக்கும் மனம் வராது. தனிக் குளியலறை இல்லாத வீடுகள் நிறைய. பாயும் போர்வையும் துண்டும் பொது. ஆகவே சோப்பும் தண்ணீரும் புத்திமதியும் கொடுத்தால் நோய் குறைந்துவிடும் என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஈரம் பூஞ்சைக்குத் துணை நிற்கும், துண்டைப் பகிர்ந்தால் தொற்று பரவும். இவற்றை நான் மறுக்கவில்லை. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள்மேல் 'அழுக்கானவர்கள்' என்ற பட்டத்தைக் கட்டுவதையும், அந்தப் பட்டத்துக்குப் பின்னால் உண்மையான காரணங்கள் ஒளிந்துகொள்வதையும்தான் மறுக்கிறேன்.

1. காலக்கணக்கு உதைக்கிறது.

அழுக்குதான் காரணமென்றால், தண்ணீரும் சோப்பும் அரிதாக இருந்த காலத்தில் நோய் உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் கூடிக்கொண்டே வந்து, பெட்டிக்கடை வாசலில் சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் சரம்சரமாகத் தொங்கத் தொடங்கிய பிறகுதான், ஏறக்குறைய 2013, 2014 முதல், இந்தியா முழுக்கத் தோல் மருத்துவர்கள் திகைத்துப்போனார்கள். இரண்டு வாரம் களிம்பு தடவினால் அடங்கிக்கொண்டிருந்த படர்தாமரை மாதக்கணக்கில் நீண்டது. போனது திரும்பி வந்தது. தொடையிடுக்கில் இருந்தது வயிறு, முதுகு, முகம் என்று பரவியது. கைக்குழந்தைகளுக்கும் வந்தது. ஆய்வகங்களில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை பின்னுக்குப் போய், டிரைக்கோஃபைட்டான் மென்டாகிரோஃபைட்டிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது. அந்தச் சில ஆண்டுகளில் நாடே குளிப்பதை நிறுத்திவிட்டதா? குறைந்துகொண்டே வந்த ஒரு காரணத்தை வைத்து, கூடிக்கொண்டே வந்த நோயை விளக்க முடியாது.

2. நியூயார்க்காரர்கள் எப்போது குளிக்காமல் போனார்கள்?

2023 மே மாதம் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், நியூயார்க் நகரத்துப் பெண்கள் இருவரின் படர்தாமரை பற்றி அறிக்கை வெளியிட்டது. நான் மேலே சொன்ன அதே இந்தியப் பூஞ்சை அமெரிக்காவில் கண்டறியப்பட்டதாகப் பதிவான முதல் இரண்டு பேர் அவர்கள். ஒருவருக்கு வயது 28. அவர் வெளிநாட்டுக்கே போகவில்லை, ஊருக்குள்ளேயே தொற்றியது. இன்னொருவருக்கு 47. வங்கதேசம் போயிருந்தபோது அரிப்பு தொடங்கியிருக்கிறது. அங்கே பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த களிம்புகள் கொடுத்திருக்கிறார்கள். அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் கணவருக்கும் மகனுக்கும் அதேபோன்ற தடிப்புகள் இருந்தன. சுடுதண்ணீர்க் குழாய் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் நகரம் அது. நம் நாட்டிலும் குளிரூட்டிய அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள், மருத்துவக் கல்லூரி விடுதி மாணவர்கள் என்று எல்லாத் தரப்பினரும் தோல் மருத்துவரின் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் குளியல் பாடம் நடத்துவதில்லை. மலையிலிருந்து வருகிறவருக்கு மட்டும்தான் அந்தப் பாடம். ஒரே நோய், ஒரே கிருமி. நோயாளி நகரத்தவர் என்றால் மருத்துவக் காரணம் தேடுகிறோம், மலைக்காரர் என்றால் அவருடைய நடத்தையைக் குறை சொல்கிறோம்.

3. இந்தப் பூஞ்சைக்கு அழுக்கு சோறு போடுவதில்லை.

அதன் உணவு கெரட்டின் என்ற புரதம். தோலின் மேலடுக்கிலும் நகத்திலும் முடியிலும் அது இருக்கிறது. தேய்த்துக் குளித்துப் பளிச்சென்று இருக்கும் தோலிலும் அதே அளவு இருக்கிறது. படர்தாமரை வட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். நடுவில் தோல் ஏறக்குறைய தேறிவிட்டதுபோல் இருக்கும். விளிம்பு மட்டும் சற்றே மேடாக, சிவந்து, பொடிச் செதிலும் கடுகுபோன்ற பருக்களுமாக வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும். உயிரோடு மேய்கிற பூஞ்சை அந்த விளிம்பில், செதிலின் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சோப்பு நுரை அங்கே போய் அதைக் கொல்வதில்லை. அரிப்பு தாங்காமல் பீர்க்கங்கூட்டால் தேய்ப்பதும் கிருமிநாசினியை ஊற்றிக் கழுவுவதும் தோலின் காப்பைக் கீறிவிட்டுப் பூஞ்சைக்கு வழி திறக்கின்றன. உதிரும் செதிலோடு பூஞ்சையின் வித்துகளும் உதிர்ந்து பாயிலும் போர்வையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணத் தண்ணீரில் துவைத்தால் அவை சாவதில்லை. அறுபது டிகிரிச் சூட்டில் துவைக்க வேண்டும், அல்லது நல்ல வெயிலில் உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டிப்போட்டு மொடமொடவென்று காயவைக்க வேண்டும்.

கார்த்திகை மாதத்தில் கொல்லிமலையில் வெயிலுக்கு எங்கே போவது? துவைத்ததை வாசல் கொடியில் போட்டால் பனி மறுபடி நனைத்துவிடும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அதில் போடுவார்கள். மெல்லிய துணி காய்ந்துவிடும். ஜீன்ஸின் இடுப்புப் பட்டியும் உள்ளாடையின் எலாஸ்டிக்கும் இரண்டு நாளானாலும் ஈரத்தை விடாது. காலையில் பள்ளிக்கோ மரவள்ளிக் காட்டுக்கோ கிளம்ப வேண்டும், மாற்றுக்கு வேறு இல்லை, அதையே மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். எலாஸ்டிக் பதிந்த கோட்டிலேயே வட்டங்கள் வரிசைகட்டுவது இதனால்தான். இப்போது சொல்லுங்கள், இந்த ஈரம் யாருக்கு? தினமும் குளித்துத் தினமும் துவைத்து உடுத்துகிறவருக்கு. துவைக்காமல் காய்ந்த துணியைப் போட்டுக்கொள்கிற சோம்பேறிக்கு இந்தத் தொல்லை ஒருவேளை குறைவாகக்கூட இருக்கும். தண்ணீர் போதாமல் நோய் வந்தது என்கிறவர்கள் தண்ணீர் காயாமல் நோய் வருவதைப் பார்க்கவே இல்லை.

வேட்டியும் சேலையும் இருந்த இடத்துக்கு இறுக்கிப் பிடிக்கும் ஜீன்ஸும் லெக்கிங்ஸும் செயற்கை நூல் உள்ளாடையும் வந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவை மலைக்கு மட்டும் வந்தவை அல்ல. கூடவே நடமாட்டம். மிளகும் காப்பியும் மரவள்ளியும் கட்டுப்படியாகாத ஆண்டுகளில் மலையிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். இளைஞர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் நூற்பாலைகளுக்கும் போகிறார்கள். பத்துப் பேர் படுக்கும் அறை, ஒன்றாகக் குவியும் துணி, வியர்வை. தீபாவளிக்கும் ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கும் ஊர் திரும்புகிறார்கள். நாடெங்கும் பரவிய ஒரு தொற்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே வந்திருந்தால், வந்த வழி இதுதான். அதைத் தேடாமல் மலைவீட்டுக் குளியல் தொட்டியில் எட்டிப் பார்ப்பவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

4. களிம்பைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

என் மறுப்பின் நடுநாயகம் இதுதான். அரிப்பு வந்தவர் முதலில் போவது மருத்துவரிடம் இல்லை, மெடிக்கலுக்கு. காட்டக் கூச்சமான இடம். மெல்லிய குரலில் "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்பார். ஒரு டியூப் வரும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கலவை: பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று அல்லது இரண்டு, இவற்றோடு ஒரு ஸ்டீராய்டு. அந்த ஸ்டீராய்டு பல கலவைகளில் குளோபெட்டசால். வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான பிரிவைச் சேர்ந்தது, மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு மட்டும் பூச வேண்டியது. தோல் மெல்லியதாக இருக்கும் தொடையிடுக்கில் அதைப் பூசவே கூடாது என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பூசிய இரண்டாம் மூன்றாம் நாளில் அரிப்பு நின்றுவிடும். சிவப்பு வெளிறும். "அருமையான மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் அந்த டியூப் போகும். உண்மையில் நடந்தது வேறு. அரிப்பும் சிவப்பும் உடம்பு பூஞ்சையோடு போராடுவதன் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தைத்தான் நிறுத்துகிறது, பூஞ்சையை நிறுத்துவதில்லை. காவல் எடுக்கப்பட்ட தோலில் அது தாராளமாகப் பரவும். டியூப் தீர்ந்த வாரத்தில் முன்னைவிட மும்மடங்காக வெடிக்கும். மறுபடி டியூப். சில மாதங்களில் வட்டத்தின் தெளிவான விளிம்பு அழிந்து, வட்டத்துக்குள் வட்டமாகக் குழம்பி, பழகிய மருத்துவருக்கே அடையாளம் தெரியாத உருவம் வந்துவிடும். இடுப்பிலும் தொடையிலும் பிரசவக் கோடுகள் போன்ற வெடிப்புகள் விழும். அந்தக் கோடுகள் பிறகு போகவே போகாது. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஐவ், மார்க்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1968இலேயே இங்கிலாந்திலிருந்து இதை எழுதி எச்சரித்தார்கள்.

அரசுக்கும் தெரியும். இந்தியாவில் நெடுங்காலம் வெளிப்பூச்சு என்ற பெயரில் ஸ்டீராய்டு களிம்புகளுக்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை என்ற விதிவிலக்கு இருந்தது. தோல் மருத்துவர்கள் சங்கம் தனிப் பணிக்குழு அமைத்துப் போராடிய பிறகு 2018இல் அவற்றில் பல, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'அட்டவணை எச்' மருந்துகளாயின. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. தோல் களிம்புக் கலவைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் கடைமேசைக்கு முன்னால் நிற்கிறவருக்கு என்ன மாறியது? சீட்டு கேட்கிற கடை எத்தனை? இந்தக் கேள்வியை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் கேட்பது கடினம், மலைக்காரரிடம் "குளி" என்று சொல்வது எளிது. அழுக்குக் கோட்பாடு இவ்வளவு செல்வாக்கோடு இருப்பதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். தயாரித்தவர், விற்றவர், கண்காணிக்க வேண்டியவர் மூவரும் அதில் தப்பித்துக்கொள்கிறார்கள்.

5. மருந்துக்கு அடங்காத பூஞ்சையை எந்தச் சோப்பு அடக்கும்?

ஜப்பானில் இருந்த இந்திய, நேபாள நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து, 2020இல் ருய் கானோ என்ற ஆய்வாளரும் சகாக்களும் இந்தப் பூஞ்சையைத் தனி இனமாக அடையாளம் கண்டார்கள். டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். இதன் பெரிய சிக்கல் டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்க மறுப்பது. அந்த மருந்து பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான ஒரு நொதியைப் பூட்டி அதைக் கொல்கிறது. நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், பூட்டு பொருந்தாது. டெல்லியின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த பூஞ்சைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அப்படி மாறியிருந்தது. அரைகுறை அளவில், அரைகுறை நாளுக்கு, ஸ்டீராய்டோடு கலந்து மருந்தை இறைத்தால் பிழைத்து நிற்பது இப்படிப்பட்டவைதான் என்று அஞ்சுவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

இதன் விளைவு நோயாளியின் சட்டைப்பையில் தெரியும். டெர்பினாஃபைன் கேட்காதபோது இட்ராகொனசோல் மாத்திரை, அதுவும் வாரக்கணக்கில். தினக்கூலிக் குடும்பத்தில் நால்வருக்கு வந்தால் யாருக்கு வாங்குவது? ஒருவருக்கு வாங்குவார்கள். அவர் தேறி வீட்டிலுள்ள மற்ற மூவரிடமிருந்து மறுபடி வாங்கிக்கொள்வார். "சொன்னா கேக்கறதில்ல, திரும்பத் திரும்ப வருது" என்று அதற்கும் திட்டு விழும்.

6. பழி நோயைப் பரப்புகிறது.

அழுக்கு என்று சொல்லப்பட்ட ஒன்றை யார் வெளியே காட்டுவார்? மார்புக்கு அடியிலும் இடுப்பிலும் வட்டத்தோடு இருக்கும் பெண் மாமியாரிடம் சொல்ல மாட்டாள், கணவனிடம் சொல்ல மாட்டாள், ஆண் மருத்துவரிடம் நிச்சயமாகச் சொல்ல மாட்டாள். விடுதியில் படிக்கும் பையன் சொன்னால் தனியாகப் படுக்க வைப்பார்கள் என்று மறைப்பான். மறைத்தபடியே பக்கத்துப் பையனின் போர்வையில் தூங்குவான். வெள்ளைத் தேமலையும் படர்தாமரையையும் பிரித்தறியத் தெரியாமல் தொழுநோயோ என்று பயந்து ஒடுங்குபவர்களும் உண்டு. தேமல் வேறொரு பூஞ்சையால் வருவது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதாகப் பயப்படத் தேவையே இல்லாதது. மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணை யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. அங்கிருந்து சொறிந்த கையோடு தொடைக்குப் பூஞ்சை போகும் வழியும் கவனிக்கப்படுவதில்லை.

எண்ணப்படாத நோய் இது. டெங்குவையும் காலராவையும்போல வாராவாரம் மேலே போகும் அறிக்கையில் படர்தாமரைக்குக் கட்டம் கிடையாது. தோல் மருத்துவர் இருக்கும் பெரிய ஊர் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறவர்களை வைத்துத்தான் பெரும்பாலான இந்திய ஆய்வுகள் நடக்கின்றன. வளைவுகள் இறங்கி ஒரு நாள் கூலியை இழந்து வர முடியாதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே மலையைப் பற்றிய ஒவ்வொரு 'எல்லாருக்கும் தெரிந்த' தீர்ப்பும் எண்ணாமலே சொல்லப்பட்டது. தமிழ்நாட்டில் பூஞ்சை நோய்க்கு நல்ல முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. மதுரையில் 1842இல் கில் என்ற மருத்துவர் விவரித்த மதுரைக்கால் என்ற நோயை, முள் குத்திய வெறுங்கால் உழவர்களின் தொழில் நோயாகவே உலகம் புரிந்துகொண்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே யாரும் உழவரைப் பார்த்துக் குளிக்கச் சொல்லவில்லை, செருப்புப் போடச் சொன்னார்கள், நிலத்தையும் வேலையையும் பார்த்தார்கள். படர்தாமரைக்கும் அந்த மரியாதையையே கேட்கிறேன்.

"அப்படியானால் சுத்தம் வேண்டாமா?" என்று ஒரு குறுக்குக் கேள்வி வரும். வேண்டும். ஆனால் சொல்லப்பட வேண்டிய சொற்கள் வேறு: நன்றாகத் துடை, உலர்ந்ததை உடுத்து, இறுக்கமானதைத் தவிர், துண்டையும் போர்வையையும் தனியாக வை, வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மருந்து போடு. இவற்றில் ஒன்றுகூட ஒருவரின் குணத்தைப் பற்றியது இல்லை. ஒவ்வொன்றுக்கும் பொருள்செலவு உண்டு. மாற்று உள்ளாடை இல்லாத பிள்ளையிடம் "உலர்ந்ததைப் போடு" என்பது வெறும் பேச்சு. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் சீருடை கொடுக்கும் அரசு கூடுதலாக இரண்டு பருத்தி உள்ளாடையும் ஆளுக்கொரு துண்டும் கொடுக்கலாம். மழைக்காலத்துக்கு ஒரு துணி உலர்த்தும் அறையைக் கட்டலாம்.

பரிசோதனைக்கு மலையிறங்கத் தேவையில்லை. வட்டத்தின் விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால், கால்மணி நேரத்தில் செதில் கரைந்து, கிளைவிட்ட பூஞ்சை இழைகள் நுண்ணோக்கியில் தெரியும். காசநோய்ச் சளிக்கும் மலேரியா ரத்தத்துக்கும் பயன்படும் அதே நுண்ணோக்கி போதும். அந்தச் சொட்டின் விலை சில ரூபாய். தொழுநோய் தேடி வீடு வீடாகத் தோலைப் பார்க்கப் போகிறவர்களும், 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு படியேறுகிறவர்களும், வட்டத்தைக் கண்டால் ஒரு கோடு கிழித்து எண்ணிக்கொண்டு வரலாம். செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் மலைக்கு மருந்து வந்து சேரும் ஒவ்வொரு கடையிலும் ஸ்டீராய்டு கலவை சீட்டில்லாமல் கைமாறுவதை மருந்து ஆய்வாளர் நேரில் வந்து நிறுத்த வேண்டும். அதற்கு மாற்றாக ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த மாதமும் தீராமல் இருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு ஒரு டியூப் என்று இல்லாமல் ஆளுக்கொன்றாக. வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும், வட்டம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும் என்ற இரண்டு வரியை, டியூபைக் கையில் கொடுக்கும்போதே பெண்களிடம் பெண் செவிலியர் சொல்ல வேண்டும்.